செவ்வாய், வெள்ளி புகை பிடிக்கிறவர்கள்

"தங்கச்சி, மூண்டாம் மாடியில நடந்தது தெரியுமே?"

லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ரதி அக்கா ஆரம்பித்துவிட்டார். எனக்கு உடனே காது நீண்டுவிட்டது. பின்னே? இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களிடம் இனியும் மறைப்பானேன்... இதில் வருகிற பாதி விஷயம் என் மூளையில் உதித்ததல்ல. எங்கள் ஃப்ளாட்டின் லிஃப்டில் உதித்தது. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் நெரிபட்டு நிற்கிற கட்டடம். நாலாம் மாடியில் என் எதிர்வீட்டுக்காரர் ரதி அக்கா. அவருக்குத் தெரியாத செய்தி இன்னும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

"அந்தப் புதுசா குடிவந்த மனுசி இருக்கெல்லே... அவ தன்ர புருசனை..."

அவ்வளவுதான். இருமல் பிடித்துக்கொண்டது. சும்மா தொண்டையைச் செருமுகிற இருமல் இல்லை, ஆளை இரண்டாக மடிக்கிற இருமல். லிஃப்ட் கீழே போய்ச் சேர்ந்து, கதவு திறந்து, வெளியே நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டு, கதவு மறுபடி மூடிக்கொண்டது. ரதி அக்கா இன்னும் சுவரைப் பிடித்தபடி இருமிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற சத்தம்.

"புருசனை என்னக்கா செய்தவ?" என்று கேட்டேன். கல்நெஞ்சம்தான். என்ன செய்வது, பத்தி எழுதுகிறவள்.

கையை ஆட்டினார். பிறகு சொல்கிறேன் என்று அர்த்தம். அந்தப் பிறகு வரவேயில்லை. அடுத்த நாள் மாடிப்படியில் ஆரம்பித்தார் – இருமல். அதற்கடுத்த நாள் மீன்காரரின் வண்டியடியில் ஆரம்பித்தார் – இருமல். ஒவ்வொரு முறையும் கதை அந்தப் புருசன் வரைக்கும் வரும், அங்கே நின்றுவிடும். அந்த மனுசி அவரை விட்டுப் போனாரா, அடித்தாரா, விற்றாரா... ஒன்றும் தெரியவில்லை.

இருமலுக்குக் காரணம் கண்டுபிடிக்க எங்கள் கட்டடத்தில் டொக்டர் தேவையில்லை. எல்லோருமே டொக்டர்கள். ஏசி என்றார் ஒருவர். இரவில் தலை முழுகினது என்றார் இன்னொருவர். தயிர், பனி, பக்கத்துக் காணியில் எழும்புகிற புதுக் கட்டடத்தின் சீமெந்துத் தூசு, காலி வீதி பஸ் கக்குகிற கரும்புகை... ரதி அக்கா கடைசிக் கட்சியில் சேர்ந்தார். கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்துவிட்டு, மார்க்கெட்டுக்குப் போகும்போது மாஸ்க் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, மாஸ்க்கைக் கழற்றி, "அப்பாடா" என்று நெஞ்சு நிறைய மூச்சு இழுப்பார். அந்த "அப்பாடா"வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வில்லன் அதற்குள்தான் இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கனடாவில் இருக்கிற மகள் வீடியோ கோல் எடுத்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். ரதி அக்கா ஒரு வசனம் பேசினார், மூச்சு வாங்கினார், இன்னொரு அரை வசனம் பேசினார், இருமினார். மகள் அழத் தொடங்கிவிட்டாள். "அம்மா, நீங்கள் கதைக்காட்டிப் பரவாயில்லை. சும்மா இருங்கோ. நான் முகத்தைப் பாக்கிறன்."

ரதி அக்காவைப் பார்த்து ஒருவர் "கதைக்க வேண்டாம்" என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த நாளே ஆளை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

இங்கே ரதி அக்காவின் கணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். நடா அண்ணர். ஓய்வுபெற்ற கணக்காளர். ஒரு காலத்தில் சிகரட் ஊதித் தள்ளியவர். மகளுடைய கலியாணம் நல்லபடி முடிந்தால் விடுவதாகக் கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணி, விட்டும்விட்டார். புகையை விடுவதற்கும் நமக்கு ஒரு புகை வேண்டியிருக்கிறது பாருங்கள். அவர் வேறு வேலையை முடித்துக்கொண்டு நேரே கிளினிக்குக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

டொக்டர் ஒரு சிங்களப் பொடியன். தமிழை வகுப்புக்குப் போய் முறையாகப் படித்தவர். நாம் வீட்டுத் தமிழ் பேசுகிறோம், அவர் இலக்கணத்தோடு பேசுகிறார். நோயாளி மட்டும் உள்ளே வரட்டும் என்றார்கள். நான் வெளியே கதிரையில் இருந்தேன். உள்ளே நடந்ததை, ரதி அக்கா சொன்னதையும் டொக்டர் பின்னர் சொன்னதையும் சேர்த்துத் தைத்துத் தருகிறேன்.

"அம்மா, தாங்கள் புகை பிடிப்பீர்களா?"

"ஓம் டொக்டர்."

டொக்டர் நிமிர்ந்து பார்த்தாராம். நெற்றியில் விபூதி, நடுவில் குங்குமம், மடியில் பூக்கூடை மாதிரி ஒரு கைப்பை. ஆனாலும் தொழில் தொழில்தானே.

"நாள்தோறுமா?"

"சீ, இல்லை. செவ்வாய், வெள்ளி. தலை முழுகிற நாளில."

"எந்த வயதிலிருந்து?"

"சாமர்த்தியப்பட்டதில இருந்து." அந்தச் சொல் டொக்டரின் பாடப்புத்தகத்தில் இல்லை. ரதி அக்கா விளங்கப்படுத்தினார். "பெரியபிள்ளை ஆனதில இருந்து எண்டு சொல்லுறன்."

"தங்களுக்கு இதைப் பழக்கியவர் யார்?"

"அம்மாதான். பக்கத்தில இருந்து வடிவாப் பிடிச்சு விடுவா."

"தங்கள் பிள்ளைகளுக்கும் இந்தப் பழக்கம் உண்டா?"

"ஒரு மகள்தான். கைக்குழந்தையாய் இருக்கேக்கை நான்தான் பிடிச்சு விட்டனான். குளிக்க வாத்த கையோட பிடிக்கவேணும் டொக்டர். இல்லாட்டிச் சளி பிடிச்சிடுமெல்லே."

டொக்டரின் பேனா அதோடு நின்றுவிட்டதாம்.

உங்களுக்கு விளங்கியிருக்கும். ஈரத்தலையை விரித்துவிட்டு, சாம்பிராணிச் சட்டியைக் கீழே வைத்து, கூந்தலுக்குள் புகையைப் பிடிக்கிறோமே... ரதி அக்கா பேசியது அது. டொக்டர் கேட்டது வேறு. சிகரட்டைப் பற்றி நம்மில் ஒருவர் கேட்டிருந்தால் "சிகரட் பத்துவியளோ" என்று கேட்டிருப்பார், ரதி அக்கா அவர் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பார், பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும். அந்தப் பிள்ளை நல்ல தமிழில் கேட்டதால் வந்த வினை.

வெளியே வந்த ரதி அக்காவின் முகத்தில் குறை இருந்தது. "நல்ல பிள்ளை. தாங்கள், தங்கள் எண்டு என்ன மரியாதையாக் கதைச்சவர். ஆனா புகை பிடிக்கிறதை உடன விடட்டாம். சாமிக் காரியம் அவருக்கு எப்பிடி விளங்கும்?"

சாம்பிராணியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார் போல என்று நானும் நினைத்தேன். நியாயமாகத்தான் பட்டது. அதற்குள் நடா அண்ணர் வந்துசேர, கணவரை உள்ளே வரும்படி அழைத்தார்கள். போகும்போது நன்றாகத்தான் போனார். திரும்பி வந்தபோது முகம் வெளிறிப்போயிருந்தது. ஓட்டோவுக்குள் மூன்று பேரும் நெருக்கியடித்து இருந்தோம். வெள்ளவத்தைச் சந்தி வரைக்கும் அவர் ரதி அக்காவின் பக்கம் திரும்பவேயில்லை. மனுசிக்கு ஏதும் பெரிய வருத்தமோ என்று எனக்குள் பதறியது.

வீட்டுக்குள் போனதும் என்னையும் இருக்கச் சொன்னார். சாட்சிக்கு.

"ரதி," என்றார். "உமக்கு நான் என்ன குறை வைச்சனான்?"

"என்னப்பா சொல்லுறியள்?"

"சின்ன வயசில இருந்தாம். தாயே பழக்கினவவாம். உம்மட அம்மாவை நான் கும்பிடாத குறை. அந்த மனுசியோ..."

"அம்மாவை ஏன் இதுக்குள்ள இழுக்கிறியள்?"

"மகளுக்கும் குடுத்தனீராம். கைக்குழந்தைக்கு."

"ஊரில எல்லாரும்தானே குடுக்கினம். ஏன், உங்கட அம்மாவும்தான் உங்களுக்குப் பிடிச்சு விட்டிருப்பா."

நடா அண்ணர் செற்றியில் பொத்தென்று இருந்தார். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி, மெல்லச் சொன்னார்.

"அதுதான் என்ர பக்கெற்றில குறைஞ்சுகொண்டு போகுது. நான் எண்ணினது பிழையாக்கும் எண்டெல்லோ நினைச்சன்."

ரதி அக்கா இடுப்பில் கை வைத்தார்.

"என்ன பக்கெற்?"

ஒரு மனிதன் தன் வாயாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு, அதை உணர்வதற்கு எடுக்கிற நேரம் இருக்கிறதே... நடா அண்ணரின் முகத்தில் அதை நான் முழுதாகப் பார்த்தேன். காசு கொடுத்தாலும் கிடைக்காத காட்சி. சிகரட் பக்கெற் குளியலறை எக்ஸோஸ்ட் ஃபேனின் மேலே இருந்தது. மகள் கலியாணம் முடிந்த கையோடு, குளியலறையில் ஈரம் காயவில்லை என்று சொல்லி அவர் வலிந்து பூட்டிய ஃபேன் அது. ஈரம் மட்டுமா காய்ந்தது? பக்கெற்றில் இருந்து ஒருவரும் எடுக்கவுமில்லை. நாளுக்கு இரண்டு என்று தனக்கே பொய் சொல்லிவிட்டு நாலு பிடித்திருக்கிறார். கணக்காளர்.

டொக்டர் சொன்ன புகை எது, ரதி அக்கா சொன்ன புகை எது என்று நான் பிரித்துச் சொன்னேன். ரதி அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். செற்றியில் விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். நடா அண்ணரே சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. மூச்சு உள்ளே போகிற சத்தம் கேட்டது, வெளியே வருகிற சத்தம் கேட்கவில்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. "காத்து, காத்து" என்று கையால் காட்டினார். நான் அடுப்பு இருக்கிற குசினிக்குள் ஓடி யன்னலைத் திறக்கப் பார்த்தேன். யன்னலை மறைத்து ஒரு அலுமாரி நின்றது. பின்னால் கையை விட்டுத் தள்ளினேன். அசையவில்லை. நடா அண்ணர் பல்கனிக் கதவைத் திறந்து அவரைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய் இருத்தினார். கடற்காற்று முகத்தில் அடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. மூன்றாம் மாடிக் கதை எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை, இந்த மனுசி மூச்சு விட்டால் போதும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அன்று பின்னேரமே மூவரும் கிளினிக்குக்குத் திரும்பிப் போனோம். இந்த முறை யாரும் வெளியே இருக்கச் சம்மதிக்கவில்லை. சாம்பிராணி விஷயத்தைச் சொன்னதும் டொக்டரின் காது சிவந்துவிட்டது. பிறகு அவரும் சிரித்தார். சிரித்து முடித்து ரதி அக்காவின் நெஞ்சில் மறுபடி குழாயை வைத்துக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அம்மா, தங்களைச் சிகரட் பிடிப்பவர் என்று நினைத்தது என் தவறு. ஆனால் நெஞ்சில் கேட்கும் சத்தம் அப்படியேதான் இருக்கிறது. தங்கள் வீட்டில் என்னென்ன எரிகிறது?"

"ஒண்டும் எரியாது டொக்டர். காஸ் அடுப்புத்தான்."

"சாம்பிராணி?"

"அது சாமிக்கு."

"ஊதுபத்தி?"

"அது காலமையும் பின்னேரமும். அதெல்லாம் ஒரு எரியிறதே?"

"நுளம்புச் சுருள்?"

"டெங்கு வந்தால் நீங்களே டொக்டர் பொறுப்பு? ஆறு மணிக்குக் கதவு யன்னல் எல்லாம் சாத்திப்போட்டுக் கொளுத்தி வைப்பன்."

"தூள்," என்று நடா அண்ணர் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுத்தார். தன்னுடைய பக்கெற்றிலிருந்து பேச்சு விலகிய சந்தோஷம் அவருக்கு. "மகளுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் மிளகாய்த்தூள் வறுத்து அனுப்புறவ. யன்னல் கதவெல்லாம் சாத்தி. திறந்தால் மாடி முழுக்கத் தும்மும்."

"மாடி முழுக்கத் தும்மவேண்டியதை அம்மா தனியாகத் தும்முகிறார்," என்றார் டொக்டர்.

அவர் பெரிதாகப் பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. சாமிக்குப் போட்டாலும், நுளம்புக்குப் போட்டாலும், கணவர் குளியலறையில் ஒளித்து விட்டாலும், நெஞ்சுக்குப் புகை புகைதான் என்றார். மூச்சுக்கு வாயில் அடிக்கிற பம்ப் ஒன்றை எழுதிக் கொடுத்தார். "பம்ப் பழகினா விட ஏலாதாமே" என்று ரதி அக்கா இழுத்தார். "இந்தப் பயத்தில்தான் பலர் தாமதமாக வருகிறார்கள்" என்றார் அவர். யன்னலை மறைத்து நின்ற அலுமாரியைப் பற்றி நான் சொன்ன பிறகு, கடைசியில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"குசினி யன்னலை ஏன் அடைத்து வைத்திருக்கிறீர்கள்?"

நடா அண்ணர் கூரையைப் பார்த்தார். ரதி அக்கா தரையைப் பார்த்தார். "காலி வீதித் தூசு டொக்டர்," என்றார்.

பச்சைப் பொய். அந்த யன்னல் காலி வீதியைப் பார்க்கவேயில்லை. அது பார்ப்பது பக்கத்துக் கட்டடத்து நாலாம் மாடியை. அதாவது பவானி ரீச்சரின் குசினியை. வெள்ளவத்தையில் கட்டடங்கள் எவ்வளவு நெருக்கம் என்று உங்களுக்குத் தெரியும். இங்கிருந்து கையை நீட்டினால் அங்கே கறிவேப்பிலை கடன் வாங்கலாம். பவானி ரீச்சர் பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கோயில் பூசைக் கொமிட்டியில் முதல் ஆள். விரத நாளில் வெங்காயத்தைக்கூட முகம் பார்க்காதவர் என்று பேச்சு.

நடா அண்ணருக்கோ மீன் மச்சம் இல்லாமல் சோறு இறங்காது. வெள்ளிக்கிழமையிலும் இறங்காது. ரதி அக்கா முதலில் சண்டை பிடித்தார், பிறகு விட்டுக்கொடுத்தார், பிறகு தானும் ஒரு துண்டு சாப்பிடத் தொடங்கினார். ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் விளைமீன் பொரிகிற மணம் பவானி ரீச்சரின் மூக்குக்குப் போனால்? கோயிலில் எந்த முகத்தோடு நிற்பது? ஆகவே யன்னலைச் சாத்தி, முன்னால் அலுமாரியை வைத்து, பொரித்து முடித்த கையோடு வீடு முழுக்கச் சாம்பிராணி.

இப்போது விளங்குகிறதா அந்த வெள்ளிக்கிழமைப் புகை எதற்கு என்று? பாதி சாமிக்கு. பாதி மீனுக்கு.

இதையெல்லாம் திரும்பி வரும்போது ரதி அக்காவே என் காதுக்குள் சொன்னார். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் சிரித்து முடித்த பிறகு கோபம் வந்தது. ரதி அக்கா மேல் இல்லை... எங்கள் எல்லார் மேலும். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். ஒழுங்கையின் ஒரு முனையில் அம்மன் கோயில் சாம்பிராணி, மறுமுனையில் மாதா கோயில் சாம்பிராணி, நடுவில் எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் அடுப்பு. அதில் எதையும் நாங்கள் புகை என்று சொன்னதில்லை. புகை என்றால் ஆம்பிளைகள் விடுவது. பெண்கள் போடுவதற்குப் பெயர் வாசம்.

வெளிக் காற்றைப் பற்றி நமக்கு எவ்வளவு அக்கறை. வாட்ஸ்அப்பில் காற்று மாசு பற்றி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். வரவேற்பறையில் காற்றைச் சுத்தம் செய்யும் என்று மணி பிளாண்ட் வைக்கிறோம். பிறகு யன்னலைச் சாத்திவிட்டு அதன் பக்கத்திலேயே ஊதுபத்தி கொளுத்துகிறோம். பாவம் அந்தச் செடி. சுவாசிக்கிறவர்களின் வரிசையில் வீட்டுக்காரியை மட்டும் ஏன் எப்போதும் கடைசியில் நிறுத்துகிறோம்? அடுப்புக்கு மிகக் கிட்ட நிற்கிறவள் அவள்தானே.

சரி, கதைக்கு வருகிறேன்.

அந்த வார முடிவுக்குள் நடா அண்ணர் அலுமாரியை நகர்த்தினார். துருப்பிடித்த யன்னல் கொளுக்கியைத் தட்டிக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, நுளம்புக்கு வலை அடித்தார். குளியலறை ஃபேன் கழன்று குசினிச் சுவருக்குக் குடிபெயர்ந்தது. அது ரதி அக்காவின் தீர்ப்பு. மேன்முறையீடு கிடையாது. ஃபேன் போனதும் பக்கெற்றுக்கும் வீடில்லாமல் போய்விட்டது. சாமியறையில் இப்போது விளக்கும் பூவும் மட்டும். சாமி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்ததே.

காலையிலேயே ரதி அக்கா என் கதவைத் தட்டினார். "தங்கச்சி, மத்தியானம் ஒருக்கா வந்து நில்லும். எனக்குப் பயமாக்கிடக்கு."

"மீனை விட்டுடுங்கோவன் அக்கா."

"அவருக்கு சிகரட்டையும் நிப்பாட்டியாச்சு. மீனையும் நிப்பாட்டினா மனுசன் என்னத்துக்கு எழும்பிறது?"

போனேன். எண்ணெய்த் தாச்சி சூடாகிக்கொண்டிருந்தது. யன்னல் விரியத் திறந்து கிடந்தது. எதிரே பவானி ரீச்சரின் யன்னல் இறுகச் சாத்தியிருந்தது, உள்ளே தெரியாத கண்ணாடி. ரதி அக்கா ஒரு மீன் துண்டைக் கையில் எடுத்தார், யன்னலைப் பார்த்தார், துண்டை வைத்தார். மறுபடி எடுத்தார்.

"யன்னலைச் சாத்தட்டே?"

"சாத்தினால் நான் போறன்," என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு எண்ணெய்க்குள் விட்டார். சீறிக்கொண்டு பொரிந்தது. மணம் வலையைத் தாண்டி எழும்பி நேரே எதிர் யன்னலுக்குப் போவதை, கண்ணால் கண்ட மாதிரி, நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போதுதான் கேட்டது. அந்தச் சாத்திய கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல். ஆளை இரண்டாக மடிக்கிற இருமல். அதன் முடிவில் ஒரு விசில்.

ரதி அக்காவின் கை நின்றுவிட்டது. "இது என்ர இருமலெல்லே," என்றார்.

இருமல் நிற்கவில்லை. நீண்டுகொண்டே போனது. பிறகு எதிர்க் கொளுக்கி கிறீச்சிட்டது. யன்னல் ஒரு சாண் திறந்தது. முதலில் வெளியே வந்தது பவானி ரீச்சர் இல்லை, புகை. மேலாகச் சாம்பிராணி. அதற்கு அடியில்... நான் மூக்கை நம்பவில்லை, ரதி அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பாரை மீன். புளியும் வெந்தயமும் போட்ட குழம்பு.

புகைக்குப் பின்னால் பவானி ரீச்சரின் முகம். விபூதி கலைந்து, கண் கலங்கி, சேலைத் தலைப்பு வாயில். எங்களைக் கண்டதும் யன்னலைச் சாத்தத்தான் கை போனது. மூச்சு அதற்கு விடவில்லை. சாத்த முடியாமல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காற்றை இழுத்தார்.

"ரதி," என்றார் கடைசியில். "உங்களுக்கு மணக்குமெண்டுதான் நான் இத்தனை காலமும் சாத்தி வைச்சனான்."

"நானும்தான் ரீச்சர்," என்றார் ரதி அக்கா.

நடுவில் இருந்த அந்த ஒரு கை நீள இடைவெளியில் இரண்டு வீட்டு மீனும் சந்தித்துக்கொண்டன. பவானி ரீச்சர் மறுபடி இருமினார். இந்த முறை ரதி அக்கா அடுப்பை அணைத்தார். யன்னலடிக்குப் போய், வலையில் முகம் முட்ட நின்று, அந்த டொக்டருடைய அதே தமிழில், அதே மரியாதையோடு கேட்டார்.

"ரீச்சர், தாங்கள் புகை பிடிப்பீர்களா?"

பவானி ரீச்சர் கொஞ்சம் யோசித்தார்.

"செவ்வாய், வெள்ளி," என்றார்.

ஓட்டோவுக்கு நான்தான் போன் பண்ணினேன். டொக்டர் ரீச்சரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். ஆனால் இந்த முறை பக்கத்தில் ரதி அக்கா இருந்தார், விளங்கப்படுத்துவதற்கு. ரீச்சருக்கும் ஒரு பம்ப் கிடைத்தது. இப்போது எங்கள் பக்கத்தில் தலை முழுகின ஈரக் கூந்தலோடு யாரைக் கண்டாலும் ரதி அக்கா அந்தக் கேள்வியைக் கேட்கிறார். கேட்டவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு ஒரு நிமிடம் யோசிக்கிறார்கள். பிறகு யாரோ ஒருத்தி மெல்லக் கேட்கிறாள், "அக்கா, எனக்கும் கொஞ்ச நாளாய் நெஞ்சுக்குள்ள..."

ரதி அக்காவுக்கு முழுக்கச் சுகம் என்று சொல்லமாட்டேன். பம்ப் இன்னும் கைப்பையில் இருக்கிறது. தூள் வறுக்கிறதை மில்லுக்குக் கொடுத்துவிட்டார், அதில் மட்டும் இன்னும் மனத்தாங்கல். ஆனால் போன ஞாயிறு மகளுடன் முக்கால் மணி நேரம் பேசினார். மகள்தான் களைத்துப்போய் போனை வைத்தாள்.

நேற்றுப் பின்னேரம் அவருடைய குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். எதிர் யன்னலில் பவானி ரீச்சர் தன் கோப்பையோடு நின்றார். ரதி அக்கா திடீரென்று என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, மூண்டாம் மாடிக் கதை நான் இன்னும் முடிக்கேல்லை என்ன?"

முடித்தார். முதலிலிருந்து கடைசி வரைக்கும், ஒரு இடத்தில்கூட நிற்காமல், ஒரு இருமல் இல்லாமல். அந்த மனுசி புருசனை என்ன செய்தார் என்பது எனக்கு இப்போது தெரியும். பவானி ரீச்சருக்கும் தெரியும். நான் தேத்தண்ணியைக் குடிக்க மறந்துபோனேன். பாதி கதையின் ருசியால், மீதி இடையில் நிற்காத அந்த மூச்சின் சத்தத்தால்.

கதையைச் சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன். இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் மூன்றாம் மாடி உட்பட எல்லா யன்னலும் திறந்துதான் இருக்கிறது.